கோதை என்னும் திருநாமம்

குழந்தைக்குப் பெயரிடுவது எளிய செயல் அன்று என்பதைப் பெரியாழ்வாரைப் போல் வற்புறுத்திக் கூறியவர் வேறு யாரும் இலர். பொன்னையும் புடைவையையும் பெறும் ஆசையால் பிறருடைய பெயர்களைத் தம் மக்களுக்கு இடும் பெற்றோரைப் பார்த்து, எம்பெருமானுடைய திருநாமங்களையே இடுங்கள் என்று அவர் ஒரு திருமொழி முழுவதும் இரந்து வேண்டுகிறார். மகனை அழைக்கும் சாக்கிலாவது தாயின் வாயில் நாரணன் நாமம் வந்துவிடும். அதுவே அவளைக் காக்கும் என்பது ஆழ்வாரின் திருவுள்ளம்.

இவ்வாறு உலகுக்கு உபதேசித்த அப்பெரியவர், தமக்கென்று ஒரு குழந்தை கிடைத்தபோது என்ன பெயர் இட்டார்? கேசவனையோ மாதவனையோ நாரணனையோ நினைவூட்டும் பெயரை அவர் தேடவில்லை. திருமகளின் ஆயிரம் நாமங்களுள் ஒன்றையும் எடுக்கவில்லை. 'கோதை' என்று இட்டார். மேலாகப் பார்க்கும்போது இப்பெயரில் எம்பெருமானுடைய நாமத்தின் சாயலே இல்லை. ஊருக்குச் சொன்னதைத் தம் வீட்டில் மறந்தாரோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்துக்கு விடை இத்திருநாமத்தின் பிறப்பிலும் பொருளிலும், அது பெற்ற பல வடிவங்களிலும் அடங்கியிருக்கிறது. ஆண்டாளின் திருநாளைச் சேவிக்க வரும் அடியார்கள் இதனை அறிந்து சேவித்தால், திருமாலை சாற்றியருளும் அந்தக் கோலம் இன்னும் ஆழமாக நெஞ்சில் பதியும்.

சொல்லின் வேர்

கோதை என்பது பழந்தமிழ்ச் சொல். மலரையோ மணியையோ நூலில் வரிசையாகச் சேர்ப்பதைக் 'கோத்தல்' என்கிறோம். அந்த வினையோடு உறவுடையது கோதை. கோக்கப்பட்டது கோதை, அதாவது பூமாலை. இதுவே அச்சொல்லின் முதற்பொருள்.

மாலை எங்கே அணியப்படுகிறதோ அங்கேயும் அச்சொல் படர்ந்தது. பெண்ணின் கூந்தல் மலர் சூடும் இடமாதலின் கூந்தலுக்கும் கோதை என்று பெயர் வந்தது. பின்னர், மலர் சூடிய கூந்தலை உடையவள் என்ற கருத்தில் பெண்ணுக்கும் அதுவே பெயராயிற்று. மாலை, மாலை சூடிய கூந்தல், அக்கூந்தலை உடைய பெண் என்று மூன்று படிகளாகப் பொருள் விரிந்தது. பழைய இலக்கியங்களில் இம்மூன்று பொருளிலும் இச்சொல் பயில வழங்குவதைக் காணலாம்.

இன்று கோதை என்றவுடன் பெண்ணின் பெயரே நினைவுக்கு வருகிறது. ஆனால் சங்ககாலத்தில் இப்பெயரை முடிமன்னர்கள் தாங்கினர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். சேர அரசர்களுக்குக் கோதை என்பது சிறப்புப் பெயர். கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் சேரமான், தன் தேவி மாண்டபோது ஆற்றாது பாடிய பாட்டு புறநானூற்றில் 245ஆம் பாட்டாக இடம்பெற்றிருக்கிறது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த பழங்காசுகளிலும் 'மாக்கோதை' என்றும் 'குட்டுவன் கோதை' என்றும் தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வெற்றிமாலை சூடிய மார்பை உடையவன் என்ற பெருமிதம் அரசனுக்கு. மணமாலை சூடிய கூந்தலை உடையவள் என்ற அழகு பெண்ணுக்கு. இருவர்க்கும் பொதுவாய் நின்றது மாலையே.

இதனால் தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. பெரியாழ்வார் தம் திருமகளுக்கு இட்ட பெயர் புதிதாகப் படைத்துக்கொண்ட பெயர் அன்று. பல நூற்றாண்டுகளாகத் தமிழ் மண்ணில் மணம் வீசி வந்த சொல். அதை அவர் எடுத்து எம்பெருமானுக்கு உரியதாக்கினார்.

மாலை கட்டிய திருக்கைகள்

பெரியாழ்வார் மேற்கொண்ட கைங்கரியம் நந்தவனக் கைங்கரியம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்கு நாள்தோறும் பூவும் துளவும் பறித்து மாலை கட்டிச் சமர்ப்பிப்பதே அவருடைய வாழ்வாக இருந்தது. அந்த நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில், ஆடி மாதத்துப் பூர நன்னாளில் ஒரு பெண்மகவை அவர் கண்டெடுத்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. ஜனகருக்குக் கொழுமுனையில் சீதை கிடைத்தது போல, விஷ்ணுசித்தருக்கு மண்வெட்டியின் முனையில் இவள் கிடைத்தாள் என்று பெரியோர் ஒப்பிடுவர்.

நந்தவனத்தில் விளைவன எல்லாம் எம்பெருமானுக்கு உரியன. அங்கே மலரும் முல்லை வீட்டுக்குப் போவதில்லை; கோயிலுக்குப் போகிறது. அங்கே தளிர்க்கும் துளவு பிறர் சூடுவதற்கு அன்று. அந்தப் பூமியில் கிடைத்த குழந்தையும் அவ்வாறே ஆயிற்று. கண்டெடுத்தவர் மாலை கட்டுகிறவர். கிடைத்த இடம் மாலைக்குப் பூ விளையும் இடம். குழந்தைக்கு வைத்த பெயரும் மாலை. நாள்தோறும் பல கோதைகளைச் சமர்ப்பித்து வந்தவர், ஒரு நாள் உயிருள்ள ஒரு கோதையைச் சமர்ப்பிக்கப் போகிறார் என்பதை அப்பெயர் முன்னமே அறிவித்துவிட்டது.

மாலையைச் சூடிப் பார்த்து அனுப்பிய வரலாறு யாவரும் அறிந்ததே. தந்தையார் கட்டி வைத்த மாலையைத் தான் முதலில் சூடி, எம்பெருமானுக்கு ஏற்ற அழகு தனக்கு உண்டோ என்று பார்த்துக் களைந்து வைப்பாள். அவள் தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டதாகக் கருதப்படும் கண்ணாடிக் கிணறு இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் சேவிக்கப்படுகிறது. மாலையில் ஒரு நாள் கூந்தல் இழை ஒன்று சுற்றியிருக்கக் கண்டே தந்தையார் உண்மையை அறிந்தார் என்று வழங்கும் வரலாறும் உண்டு. மாலைக்கும் கோதை என்று பெயர். கூந்தலுக்கும் கோதை என்று பெயர். ஒரு சொல்லில் அடங்கியிருந்த இரண்டு பொருள்களும் அந்த ஒரு மாலையில் ஒன்றாகப் பிணைந்து கிடந்தன என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

தன் பெயரைத் தானே பொறித்தவள்

திவ்யப் பிரபந்தத்தில் திருமொழியின் இறுதியில் பாடியவருடைய பெயரும் ஊரும் பாட்டின் பயனும் அமைந்த பாசுரத்தைத் திருநாமப்பாட்டு என்பது மரபு. ஆண்டாள் அருளிச்செய்தவை இரண்டு. திருப்பாவை 30 பாசுரங்கள். நாச்சியார் திருமொழி 14 திருமொழிகளாக அமைந்த 143 பாசுரங்கள். இவ்விரண்டிலும் எங்கும் அவள் தன்னை 'ஆண்டாள்' என்று கூறிக்கொள்ளவில்லை. திருப்பாவையின் நிறைவுப் பாசுரத்திலும், நாச்சியார் திருமொழியின் 12 திருமொழிகளின் இறுதியிலும் அவள் பொறித்த பெயர் கோதை என்பதே.

அதிலும் பெரும்பாலும் தனித்துக் கூறாமல், பட்டர்பிரானுடைய கோதை, விட்டுசித்தருடைய கோதை, புதுவையர்கோனுடைய கோதை என்று தந்தையாரை முன்னிட்டுக்கொண்டே கூறுகிறாள். பட்டர்பிரான், விட்டுசித்தன் என்பன பெரியாழ்வாரின் திருநாமங்கள். புதுவை என்பது வில்லிபுத்தூர். எஞ்சிய இரண்டு திருமொழிகளில், 10ஆம் திருமொழியிலும் 11ஆம் திருமொழியிலும், தன் பெயர் வாராமல் தந்தையாரின் பெயர் மாத்திரமே நிற்கிறது. எம்பெருமான் வரக் காணாமல் துவண்ட நிலையில் பாடியவை அவை. தன்னைச் சொல்லிக்கொள்ளவும் ஆற்றல் இன்றி, ஆழ்வார் அழைத்தால் அவன் வரக்கூடும் என்று அவரையே பற்றி நிற்கிறாள். பெயர் வாராத இடமும் ஒரு பொருளைச் சொல்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஆழ்வார்கள் பன்னிருவருள் பெண் இவள் ஒருத்தியே. வரலாற்று ஆராய்ச்சியாளர் இவள் காலத்தை 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு எனக் கணிப்பர். அக்காலத்தில் ஓர் இளம்பெண், மானிடர்க்கு வாழ்க்கைப்படேன் என்று உறுதி பூண்டு, தன் நெஞ்சின் வேட்கையை மறைக்காமல் பாடி, பாடியவள் இன்னாள் என்று தன் பெயரையும் அழுத்தமாகப் பொறித்து வைத்தாள். தான் பாடியவற்றை அவள் மாலை என்றே அழைத்தாள். கோதை தொடுத்தது தமிழ்மாலை. தந்தை பூவால் கோத்தார். மகள் சொல்லால் கோத்தாள். தந்தையார் கட்டிய மாலைகள் அன்றன்று மாலைக்குள் வாடின. மகள் கட்டிய மாலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் மார்கழிதோறும் புதிதாக மலர்கிறது.

தனியன்கள் தரும் பெயர்கள்

கோதை என்ற பெயர் பிறந்த பெயர். மற்றவை அவள் செயலாலும் அடியார்களின் அன்பாலும் வந்தவை. திருப்பாவை சேவிக்கும் முன் சேவிக்கப்படும் தனியன்களைக் கேட்டாலே இப்பெயர்களின் வரலாறு விளங்கிவிடும்.

நாதமுனிகளின் சீடரான உய்யக்கொண்டார் அருளிய தமிழ்த் தனியன்களில் 'ஆண்டாள்' என்ற பெயரும், சூடிக் கொடுத்தவள் என்ற பெயரும் இடம்பெறுகின்றன. கூரத்தாழ்வானின் திருக்குமாரர் பராசர பட்டர் அருளிய வடமொழித் தனியனில் 'கோதா' என்ற வடிவம் வருகிறது. அவற்றைச் சேவித்து, 30ஆம் பாசுரத்தை அடையும்போது அவளே இட்டுக்கொண்ட 'கோதை' என்ற முத்திரை வருகிறது. அடியார்கள் வழங்கிய நாமங்களில் தொடங்கி, அவள் தந்தை வழங்கிய நாமத்தில் முடிவது திருப்பாவைச் சேவையின் அமைப்பு.

சூடிக்கொடுத்தாள் என்பது செயலால் வந்த பெயர். சூடியது குற்றமாகாமல், சூடியதாலேயே மாலைக்கு ஏற்றம் வந்தது என்பதை இப்பெயர் நாட்டுகிறது. ஆண்டாள் என்பது ஆளுதல் என்னும் வினையிலிருந்து வந்தது. ஆண்டவள் என்பது பொருள். அடியார்களின் நெஞ்சை ஆண்டாள், அரங்கனையே ஆண்டாள் என்று பெரியோர் இதனை விரிப்பர். இது மரியாதைப் பெயராகவும் ஸம்ப்ரதாயத்தில் வழங்கிற்று. கூரத்தாழ்வானின் தேவியாருக்கும் ஆண்டாள் என்றே திருநாமம். எம்பெருமானாரின் மருமகனான தாசரதி, முதலியாண்டான் என்று போற்றப்பட்டார். ஆண்டான், ஆண்டாள் என்பவை ஒரே வேரின் இரு கிளைகள்.

கோதையும் கோதாவும்

சீதா என்பது தமிழில் சீதை ஆகிறது. ராதா ராதை ஆகிறது. யசோதா யசோதை ஆகிறது. கங்கா கங்கை ஆகிறது. இம்முறையைக் கண்டவர்கள், கோதா என்ற வடசொல்லே தமிழில் கோதை ஆயிற்று என்று கருதுவது உண்டு. இங்கு நடந்தது அதற்கு மறுதலை. பூமாலை என்ற பொருளில் கோதை என்ற சொல் ஆண்டாளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழில் நிலைபெற்றிருந்தது. சேரர் காசுகளே அதற்குச் சான்று. கோதை என்ற தமிழ்ப்பெயரை வடமொழியில் வழங்க முற்பட்ட ஆசார்யர்கள் அதனைக் கோதா என்று அமைத்துக்கொண்டனர்.

அவ்வாறு அமைத்தபோது அதற்கு வடமொழியிலும் இனிய பொருள் வாய்த்தது. 'கோ' என்பதற்குச் சொல், பூமி, பசு எனப் பல பொருள்கள் உண்டு. 'தா' என்பது தருபவள். யசோதா என்பது புகழைத் தருபவள் என்று பொருள்படுவது போல, கோதா என்பது நல்ல சொற்களைத் தருபவள் என்று பொருள்படும். திருப்பாவை என்னும் சொற்செல்வத்தைத் தந்தவளுக்கு இது எத்துணைப் பொருத்தம்! பூமிப்பிராட்டியின் அம்சமாகக் கொண்டாடப்படுபவளுக்கும், ஆயர்பாடியின் பசுக்களையும் பாற்பெருக்கையும் பாடியவளுக்கும் மற்றப் பொருள்களும் இயைந்து நிற்கின்றன. வேதாந்த தேசிகன் 29 சுலோகங்களில் கோதாஸ்துதி அருளிச்செய்தபோது இவ்வடிவம் மேலும் பெருமை பெற்றது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதை எம்பெருமானார் திருமாலிருஞ்சோலையில் நிறைவேற்றி, அதனால் 'கோயில் அண்ணர்' என்று பெயர் பெற்றார். வடமொழியில் அவரைக் கோதாக்ரஜர், அதாவது கோதையின் தமையனார், என்பர்.

பெயரின் பிறப்பு வேறு. பெயருக்குப் பெரியோர் காணும் பொருள் வேறு. பிறப்பால் இப்பெயர் மாலை. பெரியோர் கண்ட பொருளால் சொற்களைத் தருபவள். இரண்டையும் கலந்து குழம்பவும் வேண்டுவதில்லை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளவும் வேண்டுவதில்லை. ஒலியில் நெருங்கிய வேறு சொற்களும் வடமொழியில் உள்ளன. கோதாவரி நதிக்குக் கோதா என்றும் பெயருண்டு. ரிக்வேதத்து ரிஷிகளுள் ஒரு பெண்மணியின் பெயரும் தமிழெழுத்தில் கோதா என்றே எழுதப்படும். ஆயினும் வடமொழியில் அதன் இரண்டாம் எழுத்து வேறு. எழுத்தொற்றுமை கண்டு இவற்றை ஆண்டாளின் பெயரோடு ஒன்றாக்கலாகாது.

தெலுங்கு நாட்டில்

மாலையின் மணம் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடவில்லை. 1509 முதல் 1529 வரை ஆண்ட விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர், கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் ஆந்திர மகாவிஷ்ணுவைச் சேவித்துத் தங்கியிருந்தபோது, எம்பெருமான் கனவில் தோன்றித் தன் திருமணக் கதையைத் தெலுங்கில் பாடுமாறு பணித்தான் என்று அவரே தம் காவியத்தில் கூறுகிறார். அக்காவியத்தின் பெயர் ஆமுக்தமால்யதா. ஆமுக்த என்றால் சூடிய. மால்ய என்றால் மாலை. தா என்றால் தந்தவள். சூடிக்கொடுத்தாள் என்ற தமிழ்ப்பெயரே வடமொழி உடை உடுத்துத் தெலுங்குக் காவியத்தின் தலைப்பில் அமர்ந்தது. பேரரசர் ஒருவர் தம் பெருங்காவியத்துக்குப் பெயர் தேடியபோது, வில்லிபுத்தூர்ப் பெண்ணொருத்தி மாலை சூடிய சிறு செயலைவிடப் பெரிதாக ஒன்றும் அவருக்குத் தோன்றவில்லை.

இன்றும் தெலுங்கு, கன்னட நாடுகளில் இவள் கோதாதேவி. நாச்சியார் என்ற தமிழ்ச் சொல் தெலுங்கில் நாஞ்சாரி எனத் திரிந்து, நாஞ்சாரம்மா என்று பெண்களுக்கு இடும் பெயராகவும் ஆயிற்று. திருமலையில் மார்கழி மாதத்தில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவையே சேவிக்கப்படுகிறது.

இல்லங்களில் வழங்கும் வடிவங்கள்

கோதை, கோதைநாயகி, கோதைநாச்சியார், கோதையம்மாள், பூங்கோதை, கோதா, கோதாதேவி, ஆண்டாள், ஆண்டாளம்மாள், நாச்சியார் என்று இத்திருநாமம் பல வடிவங்களில் இல்லந்தோறும் வழங்கி வருகிறது. வைதிகக் குடும்பங்களில் மட்டுமின்றி உழவர், வணிகர் முதலிய எல்லாக் குடிகளிலும் ஆண்டாள் என்ற பெயரைக் காணலாம். 1901இல் பிறந்து 1960இல் மறைந்த வை. மு. கோதைநாயகி அம்மாள், 'ஜகன்மோகினி' இதழை நடத்தியும் நாவல்கள் பல எழுதியும் பெண்கள் எழுத்துத் துறையில் கால்கொள்ள வழிவகுத்தார். சொல்லால் மாலை தொடுத்தவளின் பெயர், எழுத்தை வாழ்வாகக் கொண்ட ஒருவருக்கு வாய்த்தது பொருத்தமே.

அண்மைக் காலத்தில் ஒலியின் புதுமையைக் கருதிப் பெயரிடும் பழக்கம் பெருகியிருக்கிறது. பாட்டியின் பெயர் கோதை என்றிருந்தால், பேத்திக்கு அது பழமையாகத் தோன்றுகிறது. ஆங்கில எழுத்தில் எழுதப்படும்போது கோதை என்பதைக் கோடை என்று படிப்பாரும் உளர். ஒரு பெயர் வழக்கொழிந்தால் ஒரு சொல் மட்டும் மறைவதில்லை. அச்சொல் நாள்தோறும் நினைவூட்டி வந்த கதையும் அதனோடு மறைகிறது. வேய்ங்குழலையும் வெண்ணெயையும் அறியாத குழந்தையும், தன் பெயருக்கு என்ன பொருள் என்று ஒரு நாள் கேட்கும். அன்று சொல்வதற்குக் கதை உள்ள பெயரைப் பெற்றோர் இட்டிருக்க வேண்டும். பொன்னையும் புடைவையையும் கருதிப் பெயரிடுவோரை நோக்கிப் பெரியாழ்வார் வருந்தியதும் இதற்காகவே.

விடை

இனி முதலில் எழுந்த ஐயத்துக்கு வருவோம். எம்பெருமானுடைய நாமத்தை இடுங்கள் என்று உபதேசித்தவர் கோதை என்று இட்டது உபதேசத்துக்கு மாறு அன்று. எம்பெருமான் நாமத்தை இடுவதன் நோக்கம், அழைக்கும்போதெல்லாம் அவனை நினைப்பது. மாலை கட்டுவதையே உயிராகக் கொண்ட அவருக்கோ, மாலை என்ற சொல்லைக் கேட்டால் அதைச் சூடும் திருத்தோள்களையன்றி வேறெதுவும் நினைவுக்கு வாராது. பிறர்க்குக் கோதை என்பது ஒரு பூச்சரம். விஷ்ணுசித்தருக்கு அது வடபத்ரசாயியின் திருமார்பு. 'கோதாய்' என்று மகளை அழைத்தபோதெல்லாம் அவர் எம்பெருமானையே அழைத்தார்.

மாலைக்குத் தனக்கென்று ஒரு பயன் இல்லை. சூடுகிறவனுக்காகவே அது இருக்கிறது. தன்னை முழுவதும் அவனுக்கே உரியதாக்குதல் என்று ஸம்ப்ரதாயம் விரித்துரைக்கும் பாரதந்த்ரியம் என்ற உயர்ந்த பொருள், இரண்டே எழுத்துடைய இந்தத் தமிழ்ப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது. பெயர் இட்டவர் தந்தை. பெயருக்கு ஏற்ப வாழ்ந்து காட்டியவள் மகள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, இன்றும் புரட்டாசி பிரம்மோத்ஸவத்தில் கருட சேவைக்காகத் திருமலைக்குச் செல்கிறது. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் திருநாளுக்காக மதுரைக்குச் செல்கிறது. திருநாளுக்கு வரும் அடியார்கள் கூட்டத்தில் நின்று, எதிரே வரும் திருமாலையைக் கண்டு கைகூப்பும்போது, அதற்கும் கோதை என்றே பெயர் என்பதை நினைவில் கொள்ளலாம். மாலையைச் சேவித்தாலும் அவளையே சேவித்ததாகும். அவளைச் சேவித்தால் அவளைச் சூடியவனையும் சேவித்ததாகும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.